மிளகுத்தண்ணீர்: ஒரு சொல்லின் இரு கடற்பயணங்கள்

ஆங்கிலம் தமிழிடமிருந்து பெற்ற சொற்களைக் கூறும்போது கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகிய மூன்றையும் நம் பாடநூல்கள் தவறாமல் எடுத்துக்காட்டும். எடுத்துக்காட்டிவிட்டுச் சற்றே பெருமிதத்துடன் அடுத்த பாடத்திற்கு நகர்ந்துவிடும். 'மல்லிகட்டானி' என்று ஆங்கிலேயர் ஒலிக்கும் அந்தச் சொல் புலவர் வழியாக அவர்களைச் சென்றடையவில்லை, அடுப்படியிலிருந்து சென்றது. அதே சொல்லை நாவில் சுமந்துகொண்டு வேறொரு கூட்டத்தார் வேறொரு கடலைக் கடந்து, கோல சிலாங்கூரிலும் வட சிலாங்கூரிலும் தோட்டங்களில் குடியேறினர். முதற்பயணத்திற்கு ஆண்டும் நூலும் உண்டு. இரண்டாம் பயணத்திற்குப் பெரும்பாலும் லயத்து அடுப்படியில் புழங்கிய பேச்சே சான்று. அப்பேச்சு ஓய்ந்து வரும் காலத்தில் இரண்டு பயணங்களையும் ஒருங்கு வைத்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் சொல்லின் ஒலியைக் கவனிப்போம். எழுத்தில் மிளகு என்கிறோம். பேச்சில் மொளகு என்கிறோம். இதழொலியை அடுத்து வரும் இகர எகரங்கள், நாவளை மெய்க்கு முன் உகர ஒகரங்களாகத் திரிவது பேச்சுத்தமிழின் இயல்பு. பிள்ளை 'புள்ள' ஆவதும், வீடு 'வூடு' ஆவதும், பெண் 'பொண்ணு' ஆவதும் இவ்விதியினாலேயே. ஆங்கிலச் சொல்லின் முதலசை இகரமாக இல்லாமல் இருப்பதன் காரணம் இதுதான். தனிக் ககரம் இரண்டு உயிர்களுக்கிடையே மெலிந்து ஒலிக்கும். ஆங்கிலத்திலும் அது மெலிந்தே ஒலிக்கிறது. 'மிளகுத்தண்ணீர்' என்னும் தொடரில் தகரம் இரட்டித்து வல்லொலியாக நிற்கும்; ஆங்கிலத்திலும் அது வல்லொலியாகவே நிற்கிறது. இறுதி ரகரம் பேச்சில் கெடும், அங்கும் கெட்டிருக்கிறது. இலக்கணம் அறியாத ஓர் அந்நியன் தன் காதில் விழுந்ததை எழுதி வைத்தமையால், பதினெட்டாம் நூற்றாண்டுப் பேச்சுத்தமிழின் ஒலிப்பதிவு ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. நம்முடைய ஏடுகளில் அப்படியொரு பதிவைத் தேடுவது கடினம். நாம் எழுதும்போது பேச்சைத் திருத்திவிடுகிறோம்.

அச்சொல் ஆங்கிலத்தில் 1784ஆம் ஆண்டு அளவில் பதிவாகிறது. மைசூர்ப் போரில் சிறைப்பட்ட ஆங்கிலேயர் ஒருவர் இயற்றிய பாட்டில் அது வருகிறது. மிளகுத்தண்ணீரும் கஞ்சியுமே அவர்களுடைய சிறை உணவு. ஆகவே ஆங்கில இலக்கியத்தில் இவ்வுணவு விருந்தாக நுழையவில்லை, முறையீடாக நுழைந்தது. பின்னர் சென்னை மாகாணத்து வெள்ளை அதிகாரிகளுக்கே இச்சொல்லின் முதலசை பட்டப்பெயராயிற்று. இச்செய்தியை 1886இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி பதிவு செய்துள்ளது. அதன் ஆசிரியர் இருவருள் ஒருவரான பர்னெல், தஞ்சையில் நீதிபதியாக இருந்து அரண்மனைச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்தவர்.

என் நோக்கில் இதனினும் பெறுமதியான சான்று, கென்னி-ஹெர்பர்ட் என்னும் படை அதிகாரி 1878இல் சென்னையில் வெளியிட்ட சமையல் நூல். ஆங்கிலேயர் கோழியும் ஆட்டிறைச்சியும் சேர்த்துக் காய்ச்சும் கெட்டியான சூப்பு வேறு, அதற்கு மூலமான தமிழ்நாட்டு மிளகுநீர் வேறு என்று அவர் தெளிவாகப் பிரிக்கிறார். மூலப்பெயரையும் ஒகரம் தோன்றவே எழுதுகிறார். ஏழை எளியவர் இதனை ஆக்கும் முறையையும் தருகிறார்: புளி, ஆறு மிளகாய், ஆறு பல் பூண்டு, கடுகு, சிறிது வெந்தயம், பன்னிரண்டு மிளகு, உப்பு, சில கறிவேப்பிலை. இவற்றை இடித்து நீரில் கொதிக்கவைத்து, வெங்காயத்தை நெய்யில் வதக்கி, அதில் வடித்து ஊற்றுவது. நிறையச் சோற்றுடன் சேரும்போது அதுவே முழு உணவு என்கிறார். இப்பட்டியலில் பருப்பு இல்லை என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு மிளகும் ஒரு பிடி புளியும் ஒரு குடும்பத்தின் சோற்றை இறக்கிய காலம் அது. அந்தக் குடும்பங்களைப் போன்றவர்களே அடுத்த முப்பது நாற்பது ஆண்டுகளில் மலாயாவுக்குக் கப்பலேறினர்.

இந்த உணவிற்குத் தமிழில் பெயர்கள் பல. ஒவ்வொரு பெயரும் ஒரு சமூகத்தின் முகவரி. மிகப் பழையது சாறு. கன்னடத்தில் 'சாரு', தெலுங்கில் 'சாரு' என்று இன்றும் நாள்தோறும் புழங்கும் அச்சொல், தமிழில் பெரும்பாலும் பழத்திற்கும் கரும்பிற்கும் ஒதுங்கிவிட்டது. அதன் இடத்தில் வடசொல்லான இரசம் அமர்ந்துகொண்டது. வைணவர் இல்லங்களில் வழங்கும் 'சாத்தமுது' சாற்றமுது என்பதன் திரிபாகலாம். காற்று 'காத்து' ஆனதுபோல் றகர இரட்டை தகர இரட்டையாயிற்று. நெய்யமுது, தயிரமுது, கறியமுது, அடைக்காயமுது எனச் சோழர் காலக் கோயிற் கல்வெட்டுகள் பேசும் மரபின் எச்சம் அது. தமிழ் முஸ்லிம்கள் 'புளியாணம்' என்பர். ஆணம் என்பது குழம்பைக் குறிக்கும் நல்ல தமிழ்ச்சொல். உழைக்கும் மக்களோ 'தண்ணீர்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு பருப்புத் தண்ணீர், கறித் தண்ணீர், மல்லித் தண்ணீர், மிளகுத் தண்ணீர் என்று ஒரு வரிசையையே படைத்துக்கொண்டனர். சாம்பாரின் தோற்றத்தைத் தஞ்சை மராட்டிய அரண்மனையோடு இணைக்கும் கதை சுவையானது. சமகாலச் சான்று அதற்கு இல்லை. கறிக்கு இடும் மசாலைப் பொருள்களைக் குறித்த 'சம்பாரம்' என்னும் சொல்லிலிருந்து அதனை விளக்குவது மொழியியலுக்கு இசைவானது.

இனிக் கடலின் இக்கரைக்கு வருவோம். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டதற்கும் 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்ததற்கும் இடைப்பட்ட முப்பதாண்டுகளில் கங்காணிகள் வழியாக நம் முன்னோர் பெருந்திரளாக வந்தனர். சேலம், திருச்சி, தஞ்சை, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு ஆகியவை அவர்களுடைய மாவட்டங்களுள் முதன்மையானவை. ஒரே லயத்தில் சேலத்து வீட்டின் சுவரையொட்டித் தஞ்சை வீடு. அதற்கடுத்துத் தெலுங்கர் வீடு. ஊரில் ஒன்றையொன்று கேளாத வட்டார வழக்குகள் ஒரே குழாயடியில் சந்தித்தன. பின்னாளில் அரசு தோட்டத் தொழிலாளருக்குக் கூலி விகிதம் வகுத்தபோது, ஒருவர் உயிர்வாழத் தேவையான அரிசி, பருப்பு, உப்பு, புளி, மிளகாய் முதலியவற்றைக் கணக்கிட்டே வகுத்தது. ஆவணத்தில் அவை விலைப்புள்ளிகள். அடுப்பில் அவை என்னவாயின என்பதை ஆவணம் எழுதவில்லை.

அதனைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்வெட்டி, பால் நிறுத்துத் திரும்பும் பெண்ணுக்கு நண்பகலில் சமையலுக்குக் கிடைப்பது சிறுபொழுது. ஒரு பானைப் பருப்பில் இரண்டு உணவு எடுப்பது அவள் கண்ட வழி. நால்வருக்கு அரைக்கோப்பைத் துவரம்பருப்பை மஞ்சள் சேர்த்து நிறைய நீரில் குழைய வேகவைக்க வேண்டும். மேலே தெளிந்து நிற்கும் நீரை மூன்று குவளை அளவிற்கு இறுத்துக்கொள்ள வேண்டும். அடியில் தங்கிய பருப்பைக் கடைந்தால் அது சோற்றுக்கு. இறுத்த நீரில் லயத்தின் பின்புறத்து முருங்கைக்காய் ஒன்று, கத்தரிக்காய் இரண்டு, ஒரு தக்காளி ஆகியவற்றை நறுக்கிப் போட்டு வேகவிட்டு, நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து ஊற்றிப் பச்சை வாடை போகக் கொதிக்கவிட வேண்டும். இதற்குள் ஒன்றரைத் தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், ஆறு பல் பூண்டு ஆகியவற்றை ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளலாம். மைய அரைத்தால் நீர் கலங்கும். தட்டியதைச் சேர்த்தபின் கொதிக்கவிடலாகாது. ஓரத்திலிருந்து நுரை கூடி நடுவுக்கு வந்ததும் இறக்கிவிட வேண்டும். மிளகின் காரம் கொதியில் நிற்கும், மணமோ ஆவியோடு போய்விடும் என்பதே இதன் அறிவியல். கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து ஊற்றி உடனே மூடினால் ஆயிற்று.

இந்தச் சிறு செயலுக்குள் எத்தனை வினைச்சொற்கள்! இறுத்தல், வடித்தல், கடைதல், கரைத்தல், தட்டுதல், நுரை கூடுதல், தாளித்தல். குழம்பைக் 'கூட்டுவர்', இரசத்தை 'வைப்பர்', சோற்றை 'வடிப்பர்', கீரையைக் 'கடைவர்', தோசையைச் 'சுடுவர்'. எதையும் 'செய்வதில்லை'. பெயர்ச்சொற்களின் இழப்பைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். எனக்குக் கவலை தருவது வினைச்சொற்களின் இழப்பே. பெயர் போனால் கடைப் பொட்டலத்தின் மேலாவது அச்சாகி நிற்கும். இறுத்தலைப் பொட்டலத்தில் அச்சடிப்பார் இல்லை.

மலாய் மொழியோடு நிகழ்ந்த கொடுக்கல் வாங்கலையும் இந்தப் பானையிலேயே காணலாம். கறி 'காரி' ஆயிற்று. முருங்கை 'மெருங்கை' ஆயிற்று. தயிர் 'தைரு' ஆயிற்று. கறி என்பதே சங்கப் பாடல்களில் மிளகைக் குறித்த சொல். ஆகவே மிளகு ஒரு பெயரில் இலண்டனுக்கும் மற்றொரு பெயரில் மலாய்க்காரர் சமையலறைக்கும் சென்றது எனலாம்.

வட்டாரத்தின் இடப்பெயர் ஒன்றையும் இங்கே கூறாமல் விடுவதற்கில்லை. ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தது பத்தாங் பெர்ஜுந்தையில், இன்றைய பெஸ்தாரி ஜெயாவில். சிலாங்கூர்த் தோட்ட வாழ்வை வைத்து அவர் எழுதிய புதினம் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. அத்தோட்டத்தின் பெயர் 'தென்னமரம்'. தென்னைமரம் அன்று, ஐகாரம் குறுகிய தொழிலாளர் பேச்சு வடிவம். மிளகுத்தண்ணியைப் போலவே இதையும் அந்நியர் காதே காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. செம்பனை வளர்ந்த மண்ணுக்குத் தென்னையின் பெயர் நிலைத்தது வரலாற்றின் சிறு குறும்பு.

இரப்பர் செம்பனைக்கு வழிவிட்டது. செம்பனை பல இடங்களில் வீடமைப்புக்கு வழிவிட்டது. மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் மக்கள் வீட்டுக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்த செய்தியை மாணவர்கள் நாளேடுகளில் படித்திருப்பர். லயம் கலைந்தபோது குழாயடியும் கலைந்தது. சாம்பார் தூளும் இரசத் தூளும் பொட்டலமாக வந்தபின், புளிக்குழம்பு, பருப்புக் குழம்பு, மிளகுத்தண்ணி என்றிருந்த நுண்வேறுபாடுகள் இரண்டு பெயர்களுக்குள் அடங்கின. சாம்பாருக்கும் பருப்புக் குழம்புக்கும் என்ன வேறுபாடு என்று புக்கிட் ரோத்தான் பக்கத்து மூதாட்டி ஒருவரைக் கேட்டேன். திருமணப் பந்தியில் ஊற்றினால் சாம்பார், வீட்டில் ஊற்றினால் பருப்புக் குழம்பு என்றார். எந்த அகராதியும் இத்துணைச் சுருக்கமாகச் சொல்லவில்லை.

கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் மாவட்டத் தமிழ்ப்பள்ளிகளின் ஆசிரியர்கள் இதனை ஒரு களப்பணியாக மாணவர்களுக்குத் தரலாம். வினாவை எவ்வாறு கேட்பது என்பதில் கருத்து வேண்டும். இரசத்தை எப்படி அழைப்பீர்கள் என்று கேட்டால் இரசம் என்றே விடை வரும். கேள்வியே விடையைக் கொடுத்துவிடும். காய்ச்சல் கண்ட பிள்ளைக்குச் சோற்றில் எதை ஊற்றுவீர்கள் என்று கேட்க வேண்டும். பானையைக் காட்டி, இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். விடை சொல்பவரின் வயது, பிறந்த தோட்டம், பெற்றோர் புறப்பட்டுவந்த ஊர் மூன்றையும் பக்கத்தின் தலைப்பில் எழுதிக்கொள்ள வேண்டும். அவர் 'மொளவுத்தண்ணி' என்றால் அதனை மிளகுத்தண்ணீர் என்று திருத்தாமல், ஒலித்தபடியே எழுதிக்கொள்ள வேண்டும்.