பாதத்துக் கொப்புளமும் தோட்டத்துச் சோகையும்

ஊவா மாகாணத்துத் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் கப்பற் கணக்கையும் சம்பளக் கணக்கையும் தேடுவர். அத்தொழிலாளரின் பாதத்தோலும் வரலாற்றுச் சான்றுகளுள் ஒன்று எனலாம். மழைநாளில் கால்விரல் இடுக்கு அரிப்பெடுத்துச் சிவந்து, சிறு கொப்புளங்கள் தோன்றிப் புண்ணாகும். சேற்றில் நின்று உழைப்போர்க்கு இயல்பாக வருவது என்று அது ஒதுக்கப்பட்டது. இரு வாரங்களில் தானே ஆறிவிடும். ஆறியதை எவரும் நினைவில் வைப்பதில்லை.

சில மாதங்கள் கழியும். அதே தொழிலாளியின் நாக்கும் கண்ணிமையின் உட்புறமும் வெளிறும், மலைச்சரிவில் ஏற மூச்சு வாங்கும், கால் வீங்கும். கொழுந்துக் கூடை நிறையாது, அரைப்பேரே விழும். துரையும் கங்காணியும் அதற்கிட்ட பெயர் சோம்பல். அமெரிக்கத் தென்மாநிலங்களின் ஏழை வெள்ளையரைப் பற்றியும் இவ்வாறே பேசப்பட்டது. 1902இல் அங்குள்ள செய்தித்தாள்கள் இந்நோயின் கிருமியைச் 'சோம்பற் கிருமி' என்றே அழைத்தன. பழியின் சொல் எங்கும் ஒன்றாக இருந்தமை நோக்கற்பாலது.

காலிற் கண்ட கொப்புளமும் இமையிற் கண்ட வெளிறலும் ஒரே நோயின் இரு முனைகள் என்பது நெடுங்காலம் புலப்படவில்லை. கொழுக்கிப்புழுவை 1838இல் மிலான் நகரில் டுபினி கண்டறிந்தார். எனினும் அது வாய்வழியே உடலிற் புகுகிறது என்றே கருதப்பட்டது. கெய்ரோவில் ஆய்வு நடத்திய ஆர்தர் லூஸ் என்பாரின் கையில் இளம்புழுக்கள் கலந்த நீர் தற்செயலாகப் பட்டது. அவ்விடம் எரிந்து சிவந்தது. தோல்வழியே புழு நுழையும் என்ற கருத்தை 1898இல் அவர் வெளியிட்டார். 1902இல் சார்லஸ் பென்ற்லி அசாம் தேயிலைத் தோட்டங்களில் 'பாணிகாவ்' எனப்பட்ட பாதப்புண்ணை மண்ணிலிருந்த இளம்புழுவுடன் தொடர்புபடுத்தினார். நீர்ப்புண் என்பது அப்பெயரின் பொருள். தேயிலைத் தோட்டத்துப் புண்ணே இவ்வுண்மையை வெளிப்படுத்தியது என்பது தற்செயலாகாது.

தோலைத் துளைத்த புழு இரத்தவழி நுரையீரலை அடைந்து, தொண்டை வழியாக விழுங்கப்பட்டுக் குடலிற் சேரும். நெக்கேற்றர் இனப் புழு ஒன்று நாளொன்றுக்கு உறிஞ்சும் இரத்தம் ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர். இது மிகச் சிறிது. ஆயின் ஐந்நூறு புழுக்கள் இருப்பின் நாளொன்றுக்கு 15 மில்லிலீற்றர் ஆகும். மாதம் ஒன்றில் இரத்ததானம் செய்வோர் ஒருமுறை கொடுக்கும் அளவை எட்டும். சோறும் சம்பலும் உண்டு வாழ்ந்த உடல் அவ்விழப்பை எவ்வாறு ஈடுசெய்யும்? கருவுற்ற பெண்களுக்கு இது உயிரையே பறிக்கக்கூடியது.

இளம்புழுவுக்கு வேண்டியவை வெப்பமும் ஈரமும் நிழலும். அப்புத்தளையின் குளிரைவிடப் பதுளை, பசறை, லுணுகலைப் பகுதிகளின் தாழ்ந்த தோட்டங்கள் அதற்கு ஏற்றவை. ஐப்பசி தொடங்கித் தை வரை பெய்யும் மழை மண்ணை நனைத்து வைக்கும். மலசலகூடம் இல்லாத லயங்களில் தேயிலைப் புதர்களின் நிழலே ஒதுக்கிடம் ஆயிற்று. அதே நிழலில் வெறுங்காலுடன் நின்று கொழுந்து பறித்தனர்.

1872இலும் 1912இலும் தோட்ட மருத்துவம் பற்றிய சட்டங்கள் இயற்றப்பட்டன. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கியது. தைமோலும் கினோபோடியம் எண்ணெயும் கொடுக்கப்பட்டன. இரண்டும் நலிந்த உடல் எளிதில் தாங்காத மருந்துகள். இவ்வியக்கத்தை ஆராய்ந்து சோமா ஹேவா 1995இல் ஒரு நூல் வெளியிட்டார். மருந்தூட்டலைத் தோட்ட உரிமையாளர் ஏற்றது எளிது. உழைப்பாளி விரைவில் வேலைக்குத் திரும்புவான். மலசலகூடம் கட்டுவது செலவு. மருந்துண்டவன் சின்னாட்களில் அதே பாதையில் வெறுங்காலுடன் பெரட்டுக்குச் சென்றான். அடுத்த மழையில் விரலிடுக்கு மீண்டும் அரித்தது.