அப்பாவோட பழைய பைக்... ரெடி பண்ணலாமா, விட்டுடலாமா?

வீட்டோரம் ஆர்எக்ஸ் 100 தூசி படிஞ்சு நிக்குதா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ஆர்.சி புக்கைத் தேடுங்க. பதிவு 15 வருஷத்துக்குத்தான். அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். ஆர்.சி அப்பா பேரில் இருந்து, அவர் இப்போ இல்லைன்னா, வாரிசுச் சான்றிதழோடு பெயர் மாற்றம்தான் முதல் வேலை. இன்ஜின், சேஸிஸ் நம்பர் ஒத்துப்போகலைன்னா ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீங்க.

இன்ஜின் ஜாம் ஆகியிருந்தாலும் போர் பண்ணி, பிஸ்டன் மாத்திடலாம். சேஸிஸே துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருந்தா, விட்டுடுங்க. 1996-லேயே தயாரிப்பு நின்ற வண்டி. ஒரிஜினல் பார்ட்ஸ் குதிரைக்கொம்பு. இன்ஜினைப் பிரிச்ச பிறகுதான் நிஜமான பில் தெரியும். அதனால, முதல்ல பிரிச்சுப் பார்க்க மட்டும் கூலி பேசுங்க. குரோம், பெயின்ட் எல்லாம் கடைசியில் (அதுதான் பர்ஸைக் காலி பண்ணும்!). தினமும் ஆபீஸ் போகத்தான் வண்டின்னா, அந்தக் காசுக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் பைக்கே வாங்கிடலாம்.