ஊரில் செய்ய முடியாத ஒன்று: நாட்டுத் துப்பாக்கியும் கேப்பும்

குழலின் வாய்வழியாக மருந்தும் ரவையும் போட்டு, கோலால் கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியில் நெருப்பைப் பிறப்பிக்கும் சிறு செப்புக் குப்பிக்குக் கேப்பு என்று பெயர். விரல் நுனியில் அடங்கும் அந்தக் குப்பியின் உட்புறத்தில், அடிபட்டவுடன் வெடிக்கும் மருந்து மெல்லிய பூச்சாக இருக்கும். குழலின் அடிப்பகுதியில் துளையுள்ள எஃகுக் காம்பு ஒன்று நிற்கும். அதன்மேல் கேப்பைக் கவிழ்த்து வைப்பார்கள். விசையை இழுத்ததும் குதிரை எனப்படும் சுத்தி விழுந்து கேப்பை அடிக்கும். அங்கே எழும் தீப்பொறி காம்பின் துளைவழியே உள்ளே பாய்ந்து, குழலில் கெட்டித்த மருந்தைப் பற்றவைக்கும்.

கேப்பைத் தவிர, இந்தத் துப்பாக்கிக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஓர் ஊரும் அதன் சுற்றுப்புறமும் தாமே தந்துவிட முடியும். குழலையும் குதிரையையும் கொல்லர் அடித்துக் கொடுத்தார். கட்டையைத் தச்சர் செதுக்கினார். உவர் மண்ணைக் கரைத்து வெடியுப்பு காய்ச்சுவது தமிழகத்தில் உப்பிலியர் சமூகத்தின் பரம்பரைத் தொழிலாக இருந்தது. கரி அடுப்பங்கரையிலேயே கிடைத்தது. கந்தகமும் ஈயமும் சந்தையில் கிடைத்தன. கேப்பு மட்டும் தொலைவில் இருந்த தொழிற்சாலையிலிருந்து வர வேண்டியிருந்தது. ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டில் பட்டுத் தறியும், பாவு ஓட்டும் கையும், சாயமும் உள்ளூரிலேயே இருந்தாலும் சேலையின் ஜரிகைக்குச் சூரத்தை நம்ப வேண்டியிருப்பது போன்ற நிலை இது. ஜரிகை இல்லாமலும் சேலை நெய்துவிடலாம்; கேப்பு இல்லாமல் துப்பாக்கி வெடிக்காது. நாட்டுத் துப்பாக்கியின் கடைசி இருநூறு ஆண்டு வரலாற்றை இந்த ஒரு சார்பு பெரிதும் தீர்மானித்தது.

கேப்புக்கு முந்தைய துப்பாக்கிகளுக்கு இந்தச் சார்பு இல்லை. தமிழகத்துப் பாளையக்காரர்களின் வீரர்கள் வைத்திருந்தவை பெரும்பாலும் திரித் துப்பாக்கிகள். வெடியுப்பு நீரில் ஊறவைத்துக் காயவைத்த கயிற்றுத் திரி எரிந்துகொண்டே இருக்கும். விசையை இழுத்தால் திரியின் கங்கு பற்றுவாயில் தூவிய மருந்தைத் தொடும். எல்லாமே உள்ளூர்ச் சரக்கு. ஆனால் மழை வந்தால் திரி அணைந்துவிடும். இரவில் அதன் கங்கு ஆள் இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். மருந்து மூட்டைக்கு அருகே எரியும் திரியோடு நிற்பதும் ஆபத்து. இருந்தும் ஊரிலேயே செய்து ஊரிலேயே பழுது பார்க்கக் கூடிய ஆயுதமாக இருந்ததால், ஆட்சியாளரின் தயவு இல்லாமலே அது பரவியது. 1801-இல் மருது சகோதரர்களின் போர் முடிந்ததும், அவ்வாண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் பாளையங்களின் ஆயுதங்களைப் பறிக்கும் பிரகடனத்தை வெளியிட்டார். கொல்லர் பட்டறையை வெளியிலிருந்து கட்டுப்படுத்த வழியில்லாத காலத்தில், ஆயுதத்தையே பிடுங்குவதுதான் அரசுக்கு எட்டிய வழியாக இருந்தது.

ஐரோப்பியக் கம்பெனிகளின் படைகள் சக்கிமுக்கித் துப்பாக்கிகளோடு வந்தன. குதிரையின் வாயில் கடித்துப் பிடித்த கல் எஃகுத் தகட்டில் உராய்ந்து பொறியைச் சிதறும். அப்பொறி கிண்ணத்தில் உள்ள மருந்தைப் பற்றவைக்கும். ஆரணி இந்தத் துப்பாக்கிகளை இரண்டு பெரும் போர்களில் நேரில் கண்டது. ஆற்காட்டு முற்றுகை முடிந்த கையோடு, 1751-ஆம் ஆண்டின் இறுதியில் ராபர்ட் கிளைவின் படையும் மராத்தியக் குதிரைப் படையும் சேர்ந்து ராசா சாகிபின் படையை ஆரணி அருகே முறியடித்தன. 1782 ஜூன் 2 அன்று, ஐதர் அலியின் தளவாடக் கிடங்காக இருந்த ஆரணியை நோக்கி வந்த ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படை, ஐதரையும் திப்புவையும் எதிர்கொண்டது. இரு போர்களிலும் வெடித்தவை திரியையோ கல்லையோ நம்பிய துப்பாக்கிகள். கல் தேய்ந்தால் பொறி வராது. காற்று வீசினால் கிண்ணத்து மருந்து பறக்கும், மழை பெய்தால் நனையும்.

கேப்புக்கு வழிவகுத்த வேதியியல் ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் பிறந்தது. பிரான்சில் பெர்தோலே என்ற வேதியியலர் பொட்டாசியம் குளோரேட்டைக் கண்டறிந்தார். வெடியுப்புக்கு மாற்றாக அதை வைத்து மருந்து அரைக்கும் முயற்சி 1788-இல் எசோன் என்ற இடத்தில் வெடித்து உயிர்களைப் பலிகொண்டது. 1800-இல் இங்கிலாந்தின் எட்வர்ட் ஹோவர்டு பாதரச ஃபல்மினேட் பற்றி எழுதினார். இவ்வகைப் பொருள்களுக்கு நெருப்பே வேண்டாம்; ஓர் அடி போதும். குழலுக்குள் போடும் அளவுக்கு அவை அடங்கியவை அல்ல; ஆனால் பற்றவைப்பதற்குத் துளியளவு போதுமானதாக இருந்தது.

இதைப் பயன்படுத்தியவர் ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்ற ஊரின் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபார்சைத். நீர்ப்பறவைகளைச் சுடும்போது, கிண்ணத்து மருந்தின் பளிச்சொளியைக் கண்டதும் குண்டு வருவதற்குள் அவை நீரில் மூழ்கிவிடுவதை அவர் கவனித்தார். ஒளி வெளியே தெரியாமல் அடியால் பற்றவைக்கும் பூட்டு ஒன்றை உருவாக்கினார். 1806-இல் அரசின் தளவாடத் துறை அவருக்கு லண்டன் கோபுரத்தில் இடம் தந்தது. அடுத்த ஆண்டு அதிகாரி மாறியதும் அவர் வெளியேற்றப்பட்டார். 1807 ஏப்ரல் 11 அன்று தம் பெயரில் காப்புரிமை பெற்றார். அவருடைய பூட்டில் மருந்து தூளாகவே இருந்தது. அதைச் செப்புக் குப்பிக்குள் அடைக்கும் யோசனைக்குப் பலர் உரிமை கோரினர். அவர்களில் ஜோஷுவா ஷா 1822-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார்.

படைகள் இதை உடனே ஏற்கவில்லை. 1834-இல் வுல்விச்சில் பிரிட்டிஷ் ராணுவம் இரு வகைத் துப்பாக்கிகளிலும் தலா 6,000 முறை சுட்டுப் பார்த்தது. சக்கிமுக்கித் துப்பாக்கி 922 முறை வெடிக்கத் தவறியது. கேப்புத் துப்பாக்கி 36 முறை மட்டுமே தவறியது. இந்த எண்களின் பொருளை உயிரைப் பணயம் வைத்து உணர்ந்தவர்கள் சென்னை ராணுவத்தின் சிப்பாய்கள். முதல் அபினிப் போரின்போது, 1841 மே மாத இறுதியில், சீனாவின் கான்டன் நகருக்கு வெளியே 37-ஆவது சென்னைக் காலாட்படையின் ஒரு கம்பெனி பெரும் இடிமழையில் தனித்துச் சிக்கியது. சக்கிமுக்கித் துப்பாக்கிகள் நனைந்து ஒன்றும் வெடிக்கவில்லை. ஈட்டிகளோடு சூழ்ந்த கிராமத்தாரை அவர்கள் துப்பாக்கிச் சனியன்களைக் கொண்டே தடுத்து நின்றார்கள். கேப்புத் துப்பாக்கி வைத்திருந்த கடற்படை வீரர்கள் அதே மழையில் சுட்டுக்கொண்டே வந்து அவர்களை மீட்டார்கள். ஒரே மழை, ஒரே களம். வேறுபாடு கேப்பில் இருந்தது. பிரிட்டிஷ் படையும் கம்பெனிப் படையும் அந்தப் பத்தாண்டுக் காலத்தில் கேப்புக்கு மாறின. 1857-இல் சிப்பாய்களின் சீற்றத்துக்குக் காரணமான கொழுப்புத் தடவிய தோட்டா, 1853-ஆம் ஆண்டு மாதிரியான என்ஃபீல்டு துப்பாக்கிக்கு உரியது. அதுவும் கேப்பால் வெடிக்கும் வாய்க்குழல் துப்பாக்கிதான்.

தொழிற்சாலையில் கேப்பு செய்வது இரண்டு பிரிவாக நடக்கும். செப்புத் தகட்டை அச்சில் வெட்டிக் குப்பியாக்குவது ஒன்று. அதில் மருந்தை அடைத்து ஈரம் புகாதபடி மெழுகுவது மற்றொன்று. முதல் வேலைக்கு எந்திரமும் இரண்டாவதற்கு எல்லையற்ற கவனமும் வேண்டும். இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருந்த கேப்புத் தொழிற்சாலை ஒன்றில் 1859-இல் நடந்த வெடிவிபத்தில் 19 தொழிலாளர்கள் இறந்தனர். அதன்பின் அத்தொழில் நகருக்கு வெளியே விட்டன் என்ற இடத்துக்கு மாறியது. பிற்காலத்தில் புகழ்பெற்ற கைனாக் நிறுவனம் அங்கேதான் வளர்ந்தது. கண்காணிப்பும் முறைமையும் உள்ள ஆலையிலேயே இத்தனை உயிர் போனதால்தான், இத்தொழில் மக்கள் வாழும் தெருக்களை விட்டு விலக வேண்டியிருந்தது.

ஐரோப்பாவில் 1860-களுக்குப் பின் பின்புறமாகத் தோட்டா போடும் துப்பாக்கிகள் வந்து, வாய்க்குழல் துப்பாக்கியைப் பழம்பொருளாக்கின. இந்தியாவில் அது நிலைத்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வைஸ்ராய் லிட்டன் காலத்தில் வந்தது. உரிமம் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைத்திருப்பதை அது குற்றமாக்கியது. துப்பாக்கியோடு அதன் வெடிபொருள்களும் உரிமத்துக்குள் வந்தன. 1801-இல் பிரகடனத்தாலும் படையாலும் செய்த வேலையை இப்போது கடையின் பதிவேடும் செய்தது. குழலை மறைத்து வைக்கலாம். கேப்பை உரிமத்தைக் காட்டித்தான் வாங்க வேண்டும்.

விடுதலைக்குப் பின் வந்த 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உழவரை மறக்கவில்லை. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்க்குழல் துப்பாக்கி கேட்கும் குடிமகனுக்கு உரிமம் வழங்குவதை அதன் 13-ஆம் பிரிவு தனியே குறிப்பிடுகிறது. ஆரணிக்கு மேற்கே எழும் ஜவ்வாது மலையில், சாமை விளைவிக்கும் மலையாளிப் பழங்குடியினரின் கொல்லைகளில் காட்டுப்பன்றி இறங்கினால் ஆண்டின் உழைப்பு ஒரே இரவில் போய்விடும். இத்தகைய மலைச்சரிவுகளில் நாட்டுத் துப்பாக்கி வேட்டைக் கருவியாகவும் காவல் கருவியாகவும் இருந்தது. சமவெளியில் அதைத் தோளில் சுமந்தவர்கள் நரிக்குறவர்கள். காடை, கவுதாரி, நரி வேட்டையே அவர்களின் பிழைப்பாக இருந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த வாழ்வை முடித்துவைத்தது. ஊசியும் பாசிமணியும் விற்பது அவர்களின் தொழிலானது. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில் நிறைவேற்றியது.

கேப்பு கிடைக்காத இடங்களில் அதைச் சொந்தமாகச் செய்யும் ஆசை எழுந்திருக்கிறது. அதற்கான தூண்டுதல் தீக்குச்சியிலும் பிள்ளைகளின் விளையாட்டுத் துப்பாக்கியிலும் இருந்தது. தீப்பெட்டி, ஃபார்சைத்தின் பூட்டு பிறந்த அதே வேதியியலின் இன்னொரு கிளை. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் சிவகாசியின் முகத்தையே மாற்றியது. தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டுக் கேப்பும் சுருள் கேப்பும் அந்த ஊரின் சரக்காயின. காகிதத்தில் ஒட்டிய ஒரு பொட்டு மருந்து, அடிபட்டதும் வெடிக்கும் அதே தத்துவம்தான். விளையாட்டுப் பொருளின் பெயரும் துப்பாக்கியிலிருந்தே வந்தது.

பொட்டின் அளவு சிறியதாக இருப்பதுதான் அந்த விளையாட்டின் ஒரே பாதுகாப்பு. குளோரேட்டும் பாஸ்பரசும் சேர்ந்த கலவை விரல் உரசலிலும் வெடிக்கும் இயல்புடையது. அதைத் திரட்டியவர்கள் விரல்களையும் கண்களையும் இழந்திருக்கிறார்கள். குளோரேட் எரிந்து மிஞ்சும் உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். துருவால் மெலிந்த குழல் சுடுபவரின் முகத்தருகே வெடிக்கும். பாதரச ஃபல்மினேட் அடியோடு நஞ்சையும் சேர்த்துத் தரும். இந்திய அரசு 1992 ஜனவரியில் கந்தகமும் குளோரேட்டும் கலந்த வெடிபொருள்களைத் தடை செய்தது. தீக்குச்சித் தலைக்கும் பொம்மைத் துப்பாக்கிக் கேப்புக்கும் விலக்குத் தந்தது. துப்பாக்கியையும் அதன் வெடிபொருளையும் உரிமம் இல்லாமல் தயாரிப்பதை ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு தடுக்கிறது.

இலங்கைத் தமிழில் துப்பாக்கிக்குத் துவக்கு என்று பெயர். அங்கே காட்டுப் பாதைகளில் விலங்குக்காகக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு, வழிப்போக்கரையும் யானைகளையும் ஊனமாக்கி வருகிறது. தமிழகத்தின் மலையடிவார மாவட்டங்களில், உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி காவல்துறை அவ்வப்போது அறிவிக்கிறது; ஊர்ப் பொது இடங்களில் விட்டுச்சென்ற குழல்கள் அள்ளிச் செல்லப்படுகின்றன. அவற்றில் பலவற்றின் கட்டை தச்சர் கையால் செதுக்கியது. குழல் கொல்லர் உலையில் உருவானது. காம்பின்மேல் இருந்த கேப்பு மட்டும் எக்காலத்திலும் அந்த ஊர்களில் பிறந்ததில்லை.