பூட்டும் காலம் வேறு, வைத்திருக்கும் காலம் வேறு

பல நிறுவனங்களின் பேக்கப் கொள்கையில் ஒரே ஓர் எண்தான் இருக்கிறது: 30 நாள், அல்லது 7 ஆண்டு. நகலை எத்தனை நாள் வைத்திருப்பது, அதில் எத்தனை நாள் யாரும் அழிக்க முடியாதபடி பூட்டிவைப்பது என்ற இரு கேள்விகளுக்கும் அதுவே விடையாகிவிடுகிறது. முதல் கேள்வியைத் தீர்ப்பவை சட்டமும் தொழில் தேவையும். இரண்டாவதைத் தீர்க்க வேண்டியது, உள்ளே நுழைந்தவனைக் கண்டுபிடிக்க நமக்கு ஆகும் காலம். ஒன்றன் எண்ணை மற்றொன்றுக்கு எடுத்துப் போடுவது தவறு என்பதே என் வாதம்.

இந்தியக் கம்பெனிகள் சட்டம், 2013, கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்கச் சொல்கிறது. இதைக் காட்டி, அன்றாட சர்வர் நகல் அத்தனையையும் 8 ஆண்டு பூட்டுவது தேவையற்றது. சட்டம் கேட்பது கணக்குகளை. ஒவ்வோர் இரவின் முழு சர்வரையும் அல்ல. கணக்குகளுக்குத் தனிக் காப்பகம் போதும்.

பூட்டும் காலம்தான் சிக்கலானது. ரேன்சம்வேர் கும்பல்கள் தரவை முடக்குமுன் பேக்கப்பை அழிக்கப் பார்க்கின்றன. பூட்டு அதற்கான தடை. ஊடுருவலைக் கண்டறிய ஆகும் நாட்களின் இடைநிலை அளவு 2011இல் 416ஆக இருந்தது, 2023இல் 10ஆகக் குறைந்துவிட்டது என்கின்றன மாண்டியன்ட் நிறுவனத்தின் ஆண்டறிக்கைகள். அப்படியானால் 14 நாள் போதாதா? போதாது. இடைநிலை என்றாலே ஏறத்தாழப் பாதி நிகழ்வுகள் அதைத் தாண்டியவை. எவ்வளவு தாண்டும் என்பதற்குச் சோலார்விண்ட்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் சான்று: 2020 மார்ச் முதல் அதன் வாடிக்கையாளர்களுக்குப் போன நச்சு அப்டேட் அந்த டிசம்பரில்தான் வெளிப்பட்டது.

அதற்காக எல்லையின்றி நீட்டியும் பயனில்லை. எந்த நகல் தூய்மையானது என்று காட்டிக்கொடுப்பவை லாக் பதிவுகள். அவற்றை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவு. லாக் அத்துடன் நின்றுவிட்டால், 300 நாள் பழைய நகல் எடுக்கப்பட்டபோது ஊடுருவியவன் உள்ளே இருந்தானா என்று நிறுவுவது மிகக் கடினம். ஆகவே பூட்டை நீட்ட விரும்புவோர் முதலில் லாக்கை நீட்டட்டும்.

எண்ணைத் தேர்ந்த பிறகும் கவனம் வேண்டும். ஞாயிறு முழு நகல், மற்ற நாட்களில் மாற்றங்கள் மட்டும் என்ற வழக்கத்தில், பூட்டுக் காலம் ஒவ்வொரு கோப்பும் ஏறிய நாளிலிருந்து தனித்தனியே ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை நகலின் பூட்டு முதலில் திறக்கும். அதை அழித்துவிட்டால் இன்னும் பூட்டியிருக்கும் சனிக்கிழமை நகல் வெறும் துண்டு. சங்கிலியின் கடைசி நகல் எந்த நாள் வரை பூட்டியிருக்குமோ, முழு நகலும் அந்த நாள் வரை பூட்டியிருக்க வேண்டும்.

மிகையான பூட்டும் கேடுதான். அமேசான் எஸ்3 ஆப்ஜெக்ட் லாக்கின் கம்ப்ளையன்ஸ் முறையில் ரூட் பயனராலும் காலத்தைக் குறைக்க முடியாது, நீட்டத்தான் முடியும். 365 என்பதற்கு 3650 என்று அடித்துவிட்டால், அந்த அமேசான் கணக்கையே மூடினாலொழியப் பத்தாண்டு வாடகை கட்ட வேண்டும். நோக்கம் முடிந்ததும், வேறு சட்டம் தடுக்காதவரை, தனிநபர் தரவை அழிக்கச் சொல்லும் 2023ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தோடும் அந்த நகல் மோதும். சிறப்பு அனுமதி உள்ளவர் பூட்டைத் திறக்கக்கூடிய கவர்னன்ஸ் முறையில் சில மாதம் ஓட்டி, நகலிலிருந்து மீட்டுப் பார்த்த பிறகே கம்ப்ளையன்ஸுக்கு மாறுவது நல்லது.

என்கிரிப்ஷன் சாவியை மறந்துவிடக் கூடாது. அமேசானின் சாவி மேலாண்மைச் சேவையான கேஎம்எஸ்ஸில் சாவியை அழிக்கக் குறைந்தபட்சக் காத்திருப்பு 7 நாள்தான். சாவி போனால், ஓராண்டு பூட்டிய நகல் அப்படியே இருக்கும்; படிக்க மட்டும் முடியாது. சாவியை அழிக்கும் உரிமையைப் பேக்கப் நிர்வாகியிடமிருந்து பிரித்து வேறொரு கணக்கில் வைத்த பிறகே, பூட்டுக் காலத்தைக் கொள்கையில் எழுத வேண்டும்.