மேடைக்கு எந்தக் கித்தார், ஒலிப்பதிவுக்கு எந்தக் கித்தார்? இசைக்குழு இளைஞர்களுக்கு ஒரு வழிகாட்டி

பிரிக்பீல்ட்ஸ் – சனிக்கிழமை மாலையில் ஜாலான் துன் சம்பந்தனில் நடந்தால், முதுகில் கித்தார் பையுடன் கே.எல். சென்ட்ரல் பக்கம் விரையும் இளைஞர்களைப் பார்க்கலாம். ஒருவருக்குக் கிள்ளானில் திருமண விருந்து, இன்னொருவருக்கு ஷா ஆலத்தில் பிறந்தநாள் நிகழ்ச்சி. வார நாள்களில் வேலைக்குப் போகும் இவர்கள், வார இறுதியில் மேடை ஏறுகிறார்கள். நள்ளிரவில் வீட்டு அறையில் கணினி முன் அமர்ந்து சொந்தப் பாடலுக்கு ஒலிப்பதிவும் செய்கிறார்கள். பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே கித்தார்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் கிள்ளானில் எங்கள் உறவினர் வீட்டுத் திருமண விருந்து ஒன்றில் என் அத்தை மகன் எலக்ட்ரிக் கித்தார் வாசித்தார். பாட்டின் நடுவில் ஒரு தந்தி அறுந்தது. அடுத்த நொடியே மற்ற ஐந்து தந்திகளும் சுருதி விலகின. மாற்றுக் கித்தார் இல்லை. மீதி நிகழ்ச்சி முழுவதும் கீபோர்டு மட்டுமே ஒலித்தது. அவர் நன்றாக வாசிப்பவர், கித்தாரும் விலை உயர்ந்ததுதான். ஆனால், அது மேடைக்கு ஏற்ற கித்தார் அல்ல. பேசி வைத்திருந்த அடுத்த நிகழ்ச்சி வேறொரு குழுவுக்குப் போய்விட்டது.

முதல் சம்பளத்தைச் சேர்த்து வைத்துக் கித்தார் வாங்கும் தம்பி தங்கையருக்கு இந்த நிலை வரக்கூடாது என்பதற்காகவே இக்கட்டுரை.

இரண்டும் வெவ்வேறு வேலை

நம் இசைக்குழுக்களின் பாடல் பட்டியலைப் பாருங்கள். எண்பதுகளின் இளையராஜா பாடல், தொண்ணூறுகளின் ரஹ்மான் பாடல், இன்றைய அனிருத் பாடல் எல்லாம் ஒரே இரவில் வரும். ஒரு பாட்டுக்குத் தெளிந்த மெல்லிய ஒலி வேண்டும், அடுத்ததற்கு முரட்டு ‘டிஸ்டார்ஷன்’ வேண்டும். இடையில் கித்தாரை மாற்ற நேரம் கிடைக்காது. ஆகவே மேடையில் ஒரே கித்தார் பல வேலை செய்ய வேண்டும்.

ஒலிப்பதிவில் நிலைமை தலைகீழ். தாளத்துக்கு ஒரு கித்தார், தனி வாசிப்புக்கு இன்னொரு கித்தார் என்று மாற்றிக் கொள்ளலாம். பிழை வந்தால் மறுபடி வாசிக்கலாம். ஆனால், பதிவான ஒலி நிரந்தரம். மேடையில் யார் காதிலும் விழாத சிறு இரைச்சலும் சுருதிப் பிசகும் ஹெட்போனில் அப்பட்டமாகத் தெரியும்.

இதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு லெட் செப்பலின் குழுவின் ஜிம்மி பேஜ். 1971ல் வெளிவந்த ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாடலின் ஒலிப்பதிவில் அவர் அக்கூஸ்டிக் கித்தார், 12 தந்தி எலக்ட்ரிக் கித்தார், தனி வாசிப்புக்கு ஃபெண்டர் டெலிகாஸ்டர் என்று தனித்தனியாகப் பயன்படுத்தினார். மேடையில் அவற்றை மாற்றி மாற்றி எடுக்க முடியாது. அதனால் 12 தந்திக்கும் 6 தந்திக்கும் தனித்தனிக் கழுத்து கொண்ட கிப்சன் இரட்டைக் கித்தாரை மேடையில் வாசித்தார். அதன் ஒலி இசைத்தட்டில் கேட்டதைப் போலவே இருக்கவில்லை. ஆனாலும் பாட்டு தடையின்றி நடந்தது.

பிக்கப்: இரைச்சல் எங்கிருந்து வருகிறது?

தந்திகளுக்கு அடியில் இருக்கும் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செப்புக்கம்பிச் சுருள். தந்தி அதிரும்போது அதில் மின்னோட்டம் உண்டாகும். ‘சிங்கிள் காயில்’ பிக்கப்பில் ஒரே சுருள்தான். 1954ல் ஃபெண்டர் நிறுவனம் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இத்தகைய பிக்கப்புகள் மூன்று உண்டு. ஒலி மணி போலத் தெளிவாக இருக்கும். ஆனால், அந்தச் சுருள் ஓர் ஆன்டெனா போலவும் செயல்பட்டு, சுற்றியுள்ள மின்கருவிகளின் இரைச்சலையும் வாங்கிக் கொள்ளும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆம்ப்ளிபையரில் கேட்கும் ‘ம்ம்ம்’ என்ற ஓசையின் மூலம் அதுதான்.

இதைத் தீர்க்க, கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955ல் ‘ஹம்பக்கர்’ பிக்கப்பை வடிவமைத்தார். எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்கள், எதிரெதிர் காந்த முனைகள். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிர்மாறாகப் பதிந்து தன்னைத் தானே அழித்துக் கொள்கிறது. தந்தியின் ஒலியோ ஒன்று சேர்ந்து கூடுகிறது. 1957 முதல் லெஸ் பால் கித்தார்களில் இது இடம்பெற்றது.

ஹோட்டல் மண்டபங்களில் எல்.இ.டி. திரை, ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர், ஒலிபெருக்கி வயர்கள் எல்லாம் மேடையைச் சுற்றியே இருக்கும். அங்கே ஹம்பக்கர் பாதுகாப்பானது. வீட்டு ஒலிப்பதிவில் சிங்கிள் காயிலை அஞ்ச வேண்டியதில்லை. கணினியிலிருந்தும் சார்ஜரிலிருந்தும் சற்று விலகி அமருங்கள். கித்தாரை மடியில் வைத்து மெல்லத் திரும்பினால், ஏதோ ஒரு திசையில் இரைச்சல் வெகுவாகக் குறையும். அந்தத் திசையிலேயே அமர்ந்து வாசியுங்கள்.

பிரிட்ஜ்: தந்தி அறுந்தால் என்ன ஆகும்?

என் அத்தை மகனின் கித்தாரில் இருந்தது ‘ஃபுளோய்ட் ரோஸ்’ வகை மிதக்கும் பிரிட்ஜ். இதில் ஒரு பக்கம் ஆறு தந்திகளின் இழுவிசை, மறுபக்கம் ஸ்பிரிங்குகளின் இழுவிசை. இரண்டும் சமமாக இருக்கும்வரை சுருதி அசையாது, கைப்பிடியை எவ்வளவு ஆட்டினாலும் திரும்ப நிற்கும். ஒரு தந்தி அறுந்தால் சமநிலை போய்விடும். ஸ்பிரிங் வென்று பிரிட்ஜைப் பின்னால் இழுக்கும், மற்ற தந்திகளின் சுருதி ஏறிவிடும்.

அசையாத பிரிட்ஜ் கொண்ட டெலிகாஸ்டர், லெஸ் பால் வகைகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அறுந்த தந்தியை விட்டுவிட்டுப் பாட்டை முடித்து விடலாம். ஸ்ட்ராட் வகைக் கித்தார் வைத்திருப்பவர்கள் பின்பக்க ஸ்பிரிங்குகளை இறுக்கி, பிரிட்ஜ் உடலோடு ஒட்டி நிற்கும்படி செய்து கொள்ளலாம். மிதக்கும் பிரிட்ஜின் நெளிவொலி தேவைப்பட்டால், அதை ஒலிப்பதிவுக்கு வைத்துக் கொள்ளுங்கள்.

பாடகர் கட்டையை மாற்றும்போது

இது நம் மேடைக்கே உரிய சிக்கல். ஒரு கட்டை என்றால் ‘சி’, ஐந்து கட்டை என்றால் ‘ஜி’. பாடகருக்குத் தொண்டை சரியில்லை என்றால் கடைசி நேரத்தில் சுருதியை இறக்கச் சொல்வார். கீபோர்டுக்காரர் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு நிம்மதியாக இருப்பார். கித்தார் வாசிப்பவர்தான் மாட்டிக் கொள்வார். கேப்போ போட்டால் சுருதி ஏறுமே தவிர இறங்காது. அசையாத பிரிட்ஜ் என்றால் அரை நிமிடத்தில் தந்திகளை இறக்கிவிடலாம். மிதக்கும் பிரிட்ஜில் ஒரு தந்தியை இறக்கினால் மற்றவை ஏறும், திரும்பத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். இரண்டாவது கித்தார் இருந்தால், அதை அரைச் சுருதி இறக்கித் தயாராக வைப்பது நல்லது.

உள்ளீடற்ற கித்தாரும் ஊளைச் சத்தமும்

உட்புறம் வெற்றிடம் உள்ள கித்தார்களின் ஒலி இதமாக இருக்கும். ஒலிப்பதிவில் அது தனி அழகு. மேடையில் ஒலிபெருக்கிக்கு அருகே நின்றால், அந்த ஒலி உடலுக்குள் புகுந்து அதிர்ந்து, பிக்கப் வழியாக மறுபடி ஒலிபெருக்கிக்குப் போகும். அந்தச் சுழற்சிதான் ‘ஃபீட்பேக்’ எனும் ஊளை. புளூஸ் மேதை பி.பி. கிங் தம் கித்தாரின் ‘எஃப்’ வடிவத் துளைகளுக்குள் துணியைத் திணித்து இதைச் சமாளித்தார். பின்னர் கிப்சன் அவருக்காக உருவாக்கிய ‘லூசில்’ கித்தாரில் அந்தத் துளைகளே இல்லை. சிறிய மண்டபத்தில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று வாசிப்பவர்களுக்குத் திட உடல் கொண்ட கித்தாரே பொருத்தம்.

ஏர்கோன் மண்டபமும் நம் வெப்பமும்

வெளியே புழுக்கம், மண்டபத்துக்குள் கடுங்குளிர். குளிரில் உலோகத் தந்திகள் சுருங்கிச் சுருதி ஏறும். மேடை விளக்கின் சூட்டில் மறுபடி இறங்கும். ஆகவே, நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே கித்தாரை மண்டபத்தில் பையைத் திறந்து வைத்துவிட்டு, பிறகு சுருதி சேர்க்கவும். நண்பகல் வெயிலில் காரின் பின்பெட்டியில் விட்டுவிடாதீர்கள். ஈரப்பதம் மிகுந்த நம் ஊரில் வியர்வை பட்ட தந்திகள் விரைவில் துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைப்பது அவசியம்.

எடையையும் மறக்க வேண்டாம். லெஸ் பால் வகை 4 கிலோவைத் தாண்டும். மூன்று மணி நேர விருந்தில் நின்று வாசித்தால் மறுநாள் தோள் சொல்லிக் காட்டும்.

ஒலிப்பதிவு அறையில் கவனிக்க வேண்டியவை

முதலாவது, இன்டோனேஷன். 12வது ஃபிரெட்டில் மென்மையாகத் தொட்டு எழுப்பும் ஒலியும், அதே இடத்தில் அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கித்தாரின் மேல்பகுதியில் வாசிக்கும்போது வயலின், புல்லாங்குழலோடு சேராது. பிரிட்ஜில் உள்ள சிறு திருகுகளைக் கொண்டு இதைச் சரிசெய்யலாம்.

இரண்டாவது, தந்தி. ஒலிப்பதிவுக்குப் புதிய தந்தியின் பளிச்சென்ற ஒலி நல்லது. மேடைக்கு அன்றே புதிதாக மாற்றினால் தந்தி நீண்டுகொண்டே போய்ச் சுருதி இறங்கும். ஒருநாள் முன்பே மாற்றி, இழுத்துப் பழக்கி வையுங்கள்.

மூன்றாவது, இரட்டைப் பதிவு. தாள வாசிப்பை இருமுறை பதிந்து ஒன்றை இடப்புறமும் ஒன்றை வலப்புறமும் வைப்பது வழக்கம். இரண்டாம் முறை வேறு பிக்கப் கொண்ட கித்தாரை இரவல் வாங்கியாவது வாசித்தால், ஒலி அகலமாகவும் தெளிவாகவும் கேட்கும்.

நான்காவது, அக்கம்பக்கம். அடுக்குமாடி வீட்டில் ஆம்ப்ளிபையரைச் சத்தமாக வைக்க முடியாது. கித்தாரை நேரடியாக ஆடியோ இன்டர்ஃபேஸில் இணைத்து, கணினி மென்பொருளில் ஆம்ப்ளிபையர் ஒலியைத் தேர்ந்தெடுக்கலாம். இணைக்கும்போது ‘இன்ஸ்ட்ரூமென்ட்’ என்ற அமைப்பைத் தேர்வு செய்ய மறக்காதீர்கள், இல்லையேல் ஒலி மங்கிவிடும்.

எர்த் பின்னை ஒருபோதும் அகற்றாதீர்

இரைச்சலை நிறுத்த, பிளக்கின் எர்த் இணைப்பைத் துண்டிக்கச் சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். கித்தாரின் உலோகத் தந்திகள் ஆம்ப்ளிபையரின் எர்த்தோடு இணைந்திருப்பவை. பழுதான கருவியில் எர்த் இல்லாவிட்டால், ஒரு கை தந்தியிலும் உதடு மைக்கிலும் படும்போது மின்சாரம் உடல் வழியே பாயலாம். 1972 மே 3ஆம் தேதி பிரிட்டனின் ஸ்வான்சி நகரில், ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கித்தார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார். கோயில் திருவிழா, திறந்தவெளி நிகழ்ச்சி, ஜெனரேட்டர், மழை என்று வாசிக்கும் நம் பிள்ளைகள் இதை மனத்தில் வைக்க வேண்டும். மைக்கைத் தொடும்போது ‘சுள்’ளென்று உணர்ந்தால், உடனே வாசிப்பை நிறுத்தி ஒலி அமைப்பாளரிடம் சொல்லுங்கள்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்?

பெரும்பாலோரின் கேள்வி இதுதான். மேடையில் வருமானம் வருகிறது என்றால், முதலில் மேடைக் கித்தாரை வாங்குங்கள். பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர், மற்ற இரண்டு இடங்களில் சிங்கிள் காயில் என்ற அமைப்பு நல்ல சமரசம். யமஹாவின் பசிஃபிகா 112வி போன்றவை இந்த வகை. அதில் ஒரு குமிழை இழுத்தால் ஹம்பக்கரின் ஒரு சுருள் மட்டும் வேலை செய்து, மெல்லிய ஒலி கிடைக்கும். அப்போது இரைச்சலும் திரும்பும் என்பதை நினைவில் கொள்ளவும். இந்தக் கித்தாரில் ஒலிப்பதிவும் செய்யலாம். தரமான செட்டப் செய்த மலிவுக் கித்தார், செட்டப் செய்யாத விலையுயர்ந்த கித்தாரைவிட மேல்.

மேடைக்குப் போகாமல் வீட்டிலேயே பாடல் உருவாக்குபவர் என்றால், உங்கள் பாடலுக்கு எந்த ஒலி வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து அதற்கேற்ற ஒன்றை வாங்குங்கள். அடுத்த பணம் சேரும்போது அதே போன்ற இன்னொன்றை வாங்காமல், முதலாவதில் இல்லாததை வாங்குங்கள். மேடைக்காரர்களுக்கு இரண்டாவது கித்தார் மலிவாக இருந்தாலும் போதும், அது கைவசம் இருப்பதுதான் முக்கியம்.

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் மேற்கத்திய மாண்டலினின் நான்கு இரட்டைத் தந்திகளை விட்டுவிட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட எலக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக இசையை வாசித்தார். கமகம் நீண்டு ஒலிக்க அவருக்கு அது தேவைப்பட்டது. கருவியின் பெயரும் விலையும் அவருக்கு இரண்டாம்பட்சம், இசைக்கு என்ன வேண்டும் என்பதே முதல் கேள்வி.

என் அத்தை மகன் இப்போது நிகழ்ச்சிக்கு இரண்டு கித்தார் எடுத்துப் போகிறார். பழையதை அவர் விற்கவில்லை. அது அறையில் கணினி பக்கத்தில், தன் வேலைக்கு ஏற்ற இடத்தில் நிற்கிறது.