பெரட்டில் ஒரு பேர்

கோலா சாவா பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி வெளியே ஒரு பேச்சு உண்டு. இதுங்களுக்கு நாளைக்குன்னு சேர்க்கிற நினைப்பே கிடையாதாம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

மலாயாவில் ஊழியர் சேமநிதி 1951-லேயே தொடங்கிவிட்டது. தொழிலாளி 5 சதவீதம், முதலாளி 5 சதவீதம், 55 வயதில் பணம் கைக்கு வரும். காகிதத்தில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அடைமழையில் பால் வெட்டு கிடையாது. வெட்டு இல்லாத மாதம் சம்பளமும் இளைக்கும், பிடித்தமும் இளைக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வீடு. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். பாட்டி வேலையிலிருந்து நின்றபோது சின்ன மாமா படிப்பை விட்டுவிட்டுப் பெரட்டுக்குப் போனார். "வீட்ல யாராச்சும் ஒருத்தர் பேர் இருக்கணும்ல" என்பார் பாட்டி. ஒருவருடைய முதுமைக்கான சேமிப்பு இன்னொருவரின் பதினேழு வயது. அந்தப் பதினேழு வயதுக்காரர் தன் முதுமையைப் பற்றி எங்கே உட்கார்ந்து யோசிப்பது?

இருந்தும் சேர்த்தார்கள். கூட்டுக் கட்டினார்கள். கூட்டைத் தொழிலாக நடத்தத் தடை போட்ட 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே நம்முடைய 'கூட்டு' உட்கார்ந்திருக்கிறது! தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நூறு வெள்ளிப் பங்கு, மாதம் பத்து வெள்ளித் தவணை. நாள்கூலிக்காரருக்குப் பத்து வெள்ளி சின்னக் காசில்லை. கட்டினார்கள், மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் கைக்கு வந்தது. கண்ணெதிரே மண் இருந்ததால் நம்பினார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

அதே நம்பிக்கையில் 1980-களில் மைக்கா ஹோல்டிங்ஸ் பங்கையும் வாங்கினார்கள், நகையை அடகு வைத்தவர்கள்கூட உண்டு. 2010-இல் பங்குதாரர்களுக்கு முன்வைக்கப்பட்ட விலை, ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 காசு. அந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளையிடம் போய் "முப்பது வருஷம் கழிச்சு வரும், போடு" என்றால் எப்படிக் கேட்கும்?

கோவிட் காலத்தில் சேமநிதியையே திறந்துவிட்டார்கள். 2024 மே முதல், பத்து சதவீதம் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று தனிக் கணக்கே வந்துவிட்டது. செனவாங்கில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் என் தங்கச்சி மகன் அதை விட்டு வைப்பதில்லை. "அம்பத்தஞ்சுல வர்ற காசுக்கு இப்ப என்னா மாமா?" என்கிறான். எடுத்ததெல்லாம் ரெம்பாவில் ஒரு மலிவு விலை வீட்டின் மாதத் தவணைக்குப் போகிறது. அவனுக்கு வயது இருபத்தாறு.