பனித்துளைக்குள் ஒரு பட்டுப்புழு

பின்லாந்திலும் மினசோட்டாவிலும் உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பவர்கள், முள்ளை ஒட்டி மெல்லிய நரம்பு ஒன்றைத் தனியாகக் கட்டுவதுண்டு. குளிரில் மீன் மந்தமாக இருக்கும். இரையை நின்னு நிதானமா பார்க்கும். நரம்பு தடிமனாக இருந்தால் தொடாமல் போய்விடும்.

இன்று அது நைலான், அல்லது 1971-ல் ஜப்பானின் குரேஹா நிறுவனம் கொண்டுவந்த, தண்ணீரில் அவ்வளவாகத் தெரியாத ஃப்ளோரோகார்பன். அதுக்கு முன்னாடி? பட்டுப்புழு!

ஸ்பெயினின் முர்சியாவில், கூடு கட்டப்போகும் புழுவை வினிகரில் ஊறப்போட்டு, அதன் பட்டுச் சுரப்பியை இழுத்து நீட்டித் தூண்டில் நரம்பாக்கினார்கள். காய்ந்தால் முறியும், தண்ணீரில் ஊறவைத்த பிறகுதான் முடிச்சே போடலாம்.

1938-ல் டூபாண்ட் நைலானை அறிவித்தது. முடிச்சு போடுறது சுலபமாச்சு. முர்சியாவில் மெல்ல மெல்ல ஒரு தொழிலே போச்சு.